டீ.ஓ. வீட்டு அத்திவாரம்

ஓட்டமாவடியில் யாராவது வீடு கட்டத் தொடங்கினால் ஒரு தரம் என்னைக் கூட்டிப்போய்க் காணியைக் காட்டுவார்கள். நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஊர்வாயில் டீ.ஓ. மதிப்பீடு போடுவதும், டேப்பை இழுத்து அளப்பதும், பில்லில் சிவப்புப் பேனையால் வெட்டுவதும்தான் பிழைப்பு. 2012இல் இந்திய வீட்டுத் திட்டம் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. அதையும் மொத்தமாகக் கொடுக்கமாட்டார்கள். வேலை எழும்ப எழும்பத்தான் தவணை. கிடங்கை மட்டும் வெட்டிவைத்துவிட்டு, "சேர், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கெஞ்சியவர்களுக்கு நான் எடுத்த வகுப்புகளை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னுடைய மகளின் வீட்டுக்கு வெறும் கிடங்கைப் பார்த்துவிட்டே பாதிக் காசை எண்ணிக் கொடுத்தவன் நான்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேச ஏலாது. 2021 கடைசியில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது காணியில் ஏதாவது எழும்பி நிற்கவேண்டும் என்றாள் மனைவி. மாரி காலத்தில் அத்திவாரம் வெட்டாதீர்கள், தை கழியட்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அடைமழையில் மேசனைக் கூப்பிட்டேன். களப்போரத்து மணலில் மூன்று அடி தோண்டினாலே ஊற்று வரும்; மாரியில் தோண்டவே தேவையில்லை. கிடங்கில் கல் இறங்குவதற்கு முன் தவளை இறங்கிவிட்டது. வாட்டர் பம்ப் வாடகை எனது மதிப்பீட்டில் இல்லை. பிறர் மதிப்பீட்டில் அதை எழுத நான் ஒருநாளும் மறந்ததில்லை.

மேசன் மனைவியின் சின்னம்மாவின் மகன். என்னை மச்சான் என்பார். கந்தோரில் கொந்தராத்துக்காரரோடு பேசும் வாய் அவருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுவிடும். கலியாணக் கார்ட் ஒன்றின் பின்பக்கத்தில், 'அத்திவாரம், பொருளோடு' என்று ஒரு வரியும் அதற்குக் கீழே ஒரு தொகையும் எழுதினேன். எத்தனை அடி ஆழம், உள்ளே மண் நிரப்புவது யார், ஈரம் ஏறாமல் போடும் டீ.பீ.சீ. அதில் சேருமா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு, கடைசியில் நூற்றுக்கு 5 பிடித்து வைப்பதா என்று ஒன்றையும் எழுதவில்லை. எழுதப் போனேன். "மச்சான், ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். பேனையை மூடிவிட்டேன். அந்த ஒரு கேள்வி எனக்கு வைத்த செலவு சீமெந்தைவிட அதிகம்.

முதலாவது அடி உயரத்தில் விழுந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தின் அடையாளம் பக்கத்து வீட்டுச் சுவரில் இன்னும் மங்கலாக இருக்கிறது. மனைவி அதைக் காட்டி, "இன்னும் ஒரு அடி உசத்துங்க" என்றாள். நான் அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டுக் காட்டினேன்: உள்சுவர் வெளிச்சுவர் எல்லாம் சேர்த்து 200 அடி நீளம், அகலம் 15 அங்குலம், உயரம் ஒரு அடி. 250 கன அடி, அதாவது இரண்டரைக் கியூப் கல் வேலை. பெரிய விஷயமா என்று தலையாட்டினேன். அந்தச் சுவர்களுக்குள்ளே 1,000 சதுர அடிக்கு ஒரு அடி உயரம் மண் வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. அது 10 கியூப். அடித்து இறுக்கினால் 12, 13 கியூப் கிரவல் விழுங்கும். கல்லைக் கணக்கெடுத்தேன், வயிற்றை மறந்துவிட்டேன். "மண் நிரப்புறது நாம பேசல்லியே மச்சான்" என்றார் மேசன். உண்மைதான், பேசவில்லை. அதனால் கிரவலும் மணலும் என் தலையில்.

மணல் கதை இன்னும் வெட்கக்கேடு. ஈர மணல் பொங்கி நிற்கும். நூற்றுக்கு 5 ஈரம் இருந்தாலே அளவு கால்வாசிவரை கூடிக் காட்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பெடியன்களுக்கு இதைக் கண்ணாடிப் போத்தலில் மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்குவதைக் காட்டியே படிப்பித்தேன். என் வாசலுக்கு மழையில் நனைந்த மணலோடு ட்ரக்டர் வந்தபோது பெட்டிக்கு மேலே கூம்பாக நின்ற குவியலைப் பார்த்து மனம் குளிர்ந்து, ஓட்டுநருக்குத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன்.

'பொருளோடு' என்று எழுதியதில் மட்டும் எனக்கு உள்ளூரப் பெருமை. விலை ஏறினால் அவர் பாடு என்று நினைத்தேன். 2021 கடைசியில் ஒரு பை சீமெந்து 1,300 ரூபாவை ஒட்டி இருந்தது. மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்ட ஏலாது என்று கைவிரித்தது. ஆண்டு நடுவில் சீமெந்து 3,000 ரூபாவை ஒட்டிப் போய்விட்டது. டீசல் இல்லாமல் டிப்பர்கள் வரிசையில் படுத்துக் கிடந்தன. மேசன் காலையில் வந்து வாசலில் நிற்பார். கேட்கமாட்டார். கேட்டிருந்தாலாவது மறுத்திருக்கலாம்.

அரசாங்க வேலையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை மாதாமாதம் விலைச்சுட்டெண் வெளியிடும்; 0.966 என்று தொடங்கும் வாய்பாட்டில் அதைப் போட்டால், சீமெந்துக்கு ஒரு பங்கு, கல்லுக்கு ஒரு பங்கு, கூலிக்கு ஒரு பங்கு என்று பிரித்து, எவ்வளவு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று வந்துவிடும். அதை நான் நித்திரையிலும் செய்வேன். இவருக்கோ, வாசலில் நின்ற முகத்தைப் பார்த்து, மொத்தத் தொகையில் பாதியைக் கூட்டிக் கொடுத்தேன். முந்திய விலையில் வாங்கி என் விறாந்தையிலேயே அடுக்கியிருந்த பைகளுக்கும் அதில் புதிய விலை போய்ச் சேர்ந்தது.

அத்திவாரம் ஒருவாறு எழும்பியது. கடைசியில் ஒரு துண்டு வந்தது: டீ.பீ.சீ., பம்ப் பிடித்த ஆளுக்குக் கூலி, உயர்த்திய ஒரு அடி, எல்லாம் 'மேலதிக வேலை'. கந்தோரில் இப்படியொரு பில் வந்தால் சிவப்பு மை தீரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தேன். கூட்டலில் ஒரு பிழை இருந்தது, எனக்குச் சாதகமாக. அதைத் திருத்திக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினேன். டீ.ஓ. அல்லவா.

சுவர் வேலைக்கு மனைவி இறங்கிவிட்டாள். அதே மேசன்தான். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை விரித்துவைத்து, "தம்பி, லிண்டல் மட்டத்துக்கு இவ்வளவு, மறுகா கூரை மட்டத்துக்கு இவ்வளவு. கல், சீமெந்து நாங்க வாங்கித் தாறம், ஒங்களுக்குக் கூலி மட்டும்" என்றாள். அவர் வழக்கம்போல, "ராத்தா, ஒங்களுக்குத் தெரியாததா..." என்று தொடங்கினார். "எனக்கு ஒண்டும் தெரியா தம்பி, அதான் எழுதுறன்" என்றாள். மேசன் என்னைப் பார்த்தார். நான் கிணற்றடியில் வேலை இருப்பதுபோல் எழுந்து போனேன்.

கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பது இப்போது என் பொறுப்பு. ஏழு நாள் போதும் என்றேன். கொப்பியைப் பார்த்துவிட்டு, பத்து என்றாள்.