டிவிடி டிரைவ் இல்லாத லேப்டாப்புக்கு ஓஎஸ் போடுவது எப்படி?

திண்டுக்கல் வட்டாரத்தில் எந்த வீட்டுப் பரணில் கைவிட்டாலும் அரசு கொடுத்த பொருள் ஒன்று தட்டுப்படும். மிக்சி, கிரைண்டர் என்றால் துடைத்து ஓட்டிவிடலாம். மடிக்கணினி என்றால் சிக்கல். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்காகவும் கல்லூரி மாணவர்களுக்காகவும் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த லேப்டாப் அது. அதில் படித்த அக்கா வேலைக்குப் போய், கல்யாணமும் முடிந்து, சென்னைக்குக் குடிபோய்விட்டாள். லேப்டாப் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது தம்பி அதைத் திறந்தால், கறுப்புத் திரையில் ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. டிவிடி டிரைவ் இருந்தாலும் வேலை செய்யவில்லை. அல்லது டிரைவே இல்லை.

கவலை வேண்டாம். கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. முதலில் ஊரைக் கேளுங்கள்

நேரடியாக வேலையில் இறங்குவது மரியாதை இல்லை. மச்சானைக் கேளுங்கள். ‘மதர்போர்டு போயிருக்கும்’ என்பார். டீக்கடையில் கேளுங்கள். ‘வைரஸ்’ என்பார்கள். கடைசியாக சர்வீஸ் கடைக்குப் போனால் அந்தத் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

“டேட்டா வேணுமாண்ணே?”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம் தம்பி, ஃபார்மேட் அடிச்சுப் புதுசாப் போட்டு விட்ருங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வரவும். கல்யாண போட்டோக்கள் அதில்தான் இருந்தன என்பதை அக்கா அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்து தெரிவிப்பாள்.

பெருந்தன்மை இல்லாதவர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு, வேறொரு கணினியில் செருகி, வேண்டியதை எல்லாம் முதலில் நகல் எடுத்துக்கொள்ளலாம். ஓஎஸ் செத்துப்போனால் போட்டோக்களும் செத்துவிட்டன என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

2. பென் டிரைவைப் பறிமுதல் செய்யுங்கள்

சிடியை வைத்துக் கணினியைக் கிளப்புவதற்கு 1995-ல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் பொறியாளர்கள் ஒரு விதிமுறை எழுதினார்கள். அதற்கு ‘எல் டொரிட்டோ’ என்று பெயர். கலிஃபோர்னியாவில் அவர்கள் உட்கார்ந்து பேசிய சாப்பாட்டுக் கடையின் பெயர் அது என்பார்கள். அந்தக் கூட்டம் திண்டுக்கல்லில் நடந்திருந்தால், வேணு பிரியாணிக் கடைப் பெயரா தலப்பாகட்டி பெயரா என்ற தகராறு தீராமல் விதிமுறையே இன்னும் வெளிவந்திருக்காது. அப்படியும் நஷ்டம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு அந்த வேலையை 8 ஜிபி பென் டிரைவ் பார்த்துவிடுகிறது.

வீட்டில் இருப்பது காரில் செருகியிருக்கும் பாட்டு டிரைவ் ஒன்றுதான். அதைச் சத்தமில்லாமல் எடுக்கவும். உள்ளே இருக்கும் இளையராஜா மொத்தமும் அழிந்துபோகும் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னால் டிரைவ் கிடைக்காது. பிறகு சொன்னால் சோறு கிடைக்காது. புதிதாக வாங்குகிறவர்கள், சில நூறு ரூபாய்க்கு ‘2 டெராபைட்’ என்று விற்பதை மட்டும் தொட வேண்டாம். கொள்ளளவைக் கூட்டிச் சொல்லும்படி அதன் சிப்புக்குப் பொய் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாதிக் கோப்பு ஏறியதும் குட்டு உடையும்.

3. எந்த ஓஎஸ் என்று முடிவு செய்யுங்கள்

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் முழுக்குப் போட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். பரணிலிருந்து இறங்கிய பழைய லேப்டாப் இந்த நேர்காணலில் முதல் சுற்றுக்கே தேறாது.

மிச்சம் இருப்பது லினக்ஸ். முதல் தவணை லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதைத் திறந்து பார்த்தவர்கள் கையை உயர்த்தலாம். அவசரம் இல்லை, காத்திருக்கிறோம்.

2 ஜிபி ராம் உள்ள இயந்திரத்துக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ போட்டுப் பார்க்கலாம். இன்னும் இளைத்த உடம்பு என்றால் ஆன்டிஎக்ஸ். இவற்றுக்குச் சாவி எண் கிடையாது, பணமும் கிடையாது. சாவியே கேட்காத பொருளைப் பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர் லேசில் நம்பமாட்டார் என்பது தெரியும். ஆனாலும் கடையில் ‘ஃப்ரீதாண்ணே’ என்று ஏற்றித் தரும் கிராக் விண்டோஸ் கள்ளச்சாவிதான். செய்து கொடுத்தவன் இன்னொன்றைத் தன்னிடம் வைத்திருக்கிறானா என்பது யாருக்குத் தெரியும்?

4. கோப்பை ஏற்றுங்கள்

நண்பரின் கணினியில், தேர்ந்தெடுத்த லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, காப்பி செய்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்யவும். பிறகு லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று அரை நாள் திட்டவும். ஊரே செய்யும் தவறு இது. நீங்கள் மட்டும் விட்டுவைப்பானேன்?

திட்டி முடித்தவர்கள் ரூஃபஸ் அல்லது எச்சர் மென்பொருளால் அதே கோப்பை டிரைவில் எழுதவும். கோப்பை அப்படியே போட்டுத்தான் பழக்கம் என்பவர்களுக்கு வென்டாய் இருக்கிறது. ஒரு முறை அதை டிரைவில் நிறுவிவிட்டால், எத்தனை ஐஎஸ்ஓவை வேண்டுமானாலும் வெறுமனே காப்பி செய்யலாம். எது வேண்டும் என்று அதுவே பட்டியல் போட்டுக் கேட்கும்.

5. விசைகளைத் தட்டுங்கள்

பென் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய கையோடு, எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனு வரும்வரை எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருக்கவும். லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் இதற்கே இறங்கிவரும். எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசரில் பல மாடல்களில் எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய், ‘எஃப்12 பூட் மெனு’வை இயக்கினால்தான் எஃப்12 மதிக்கும். சில லெனோவோ மாடல்களில் ஓரமாக ஒரு துளை இருக்கும். ஊக்கால் லேசாகக் குத்தினால் பட்டியல் வரும். குத்துவதற்கு முன் அது மைக் துளை இல்லையே என்று பார்த்துக்கொள்ளவும்.

பட்டியலில் பென் டிரைவின் பெயரே இல்லையா? பயாஸில் ‘செக்யூர் பூட்’டை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பயாஸுக்கே பாஸ்வேர்டு போட்டு யாரோ மறந்துவிட்டார்களா? லீவரைக் கையால் அரம் போட்டுத் தேய்த்துச் செய்த திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. நாகல் நகர்ப் பக்கம் கேட்டால் பூட்டைத் திறக்க ஆள் கிடைப்பார். பயாஸுக்கு சர்வீஸ் சென்டர்தான் கதி. கொஞ்சம் புதிய விண்டோஸ் லேப்டாப் என்றால், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறுக்கே வந்து 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அதை முன்பே குறித்து வைத்திருப்பவர் இந்த வழிகாட்டியைப் படிக்கிற ஆள் இல்லை.

6. பேப்பர் பாருங்கள்

பழைய லேப்டாப்பின் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணையும். ஆகவே நல்ல நாள் பார்க்காவிட்டாலும், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பை நாளிதழில் பார்த்துவிட்டு உட்காரவும். வட்டைப் பிரித்து எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் பழைய ஓஎஸும் இருக்காது, புதியதும் இருக்காது.

7. துணிந்து அழுத்துங்கள்

லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் முதலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று சோதியுங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும்.

எல்லாம் சரி என்றால் ‘இன்ஸ்டால்’. ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்று கேட்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதல் படியில் பெருந்தன்மையாக நடந்துகொண்டவர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதற்குப் பிறகு அக்காவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

வேலை முடிந்து ‘ரீஸ்டார்ட்’ கேட்டதும் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். மறந்தால் லேப்டாப் மறுபடி அதிலிருந்தே கிளம்பி, ஒன்றும் நடக்காததுபோல ‘இன்ஸ்டால் செய்யலாமா?’ என்று கேட்கும். ‘ஓஎஸ் ஏறவே இல்லை’ என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்களில் பலருக்கு நோய் இவ்வளவுதான்.