வீடியோ வாத்தியார்

கேள்வி: இலவசப் பாட வீடியோக்கள் இவ்வளவு வந்த பிறகு, வகுப்புக்கு வாத்தியார் எதற்கு?
– ஒரு மாணவரின் தந்தை, எம். புதுப்பட்டி

பதில்: வீடியோவைச் சரியான இடத்தில் நிறுத்தத்தான்!

தமிழக அரசின் கல்வி தொலைக்காட்சி 2019-ல் வந்தது. ‘மணற்கேணி’ பாடச் செயலி 2023-ல். பாடப்புத்தகத்திலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. எல்லாம் இலவசம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஃபெட்’ தளத்தில் பேட்டரி, பல்பு, ஒயர் மூன்றையும் பிள்ளைகளே இழுத்து இணைக்கலாம். பல்பை விட்டுவிட்டு, பேட்டரியின் இரு முனையையும் ஒயரால் நேராக இணைத்தால் பேட்டரி தீப்பற்றி எரியும், திரையில் மட்டும். உங்களைப் போன்ற பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பத்திரமான நெருப்பு எங்கே கிடைக்கும்?

பட்டாசுக்கு நிறம் தருவதில் ஸ்ட்ரான்சியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை என்று வீடியோ கடகடவென ஒப்பிக்கும். “அப்படியென்றால் பட்டாசில் பேரியம் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏன் சொன்னது சார்?” என்று பட்டாசுத் தொழிலாளியின் மகள் எழுந்து கேட்டால், வீடியோ பாட்டுக்கு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடும். வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டாவது நின்று பதில் சொல்வார். அவருக்குத் ‘தவிர்’ பொத்தான் கிடையாதே!