அறிஞரை அறிஞரோடு மோதவிடுதல்: தீவுக் கல்லூரி ஆய்வேட்டின் இரண்டாம் இயல் குறித்த ஓர் ஆய்வு

கல்லூரி ஆய்வேட்டின் இரண்டாம் இயல், அதாவது 'அறிஞர் கருத்துகளும் ஒப்பீடும்' என்ற தலைப்பின்கீழ் ஏட்டை எழுதியவர் நீங்கலாக ஏனைய அனைவரும் பேசும் பகுதி, இதுகாறும் தனியே ஆராயப்படாதது அறிவுலகுக்குப் பேரிழப்பாதலின், அந்தமானைக் களமாகக் கொண்டு அக்குறை இங்கு நீக்கப்படுகிறது.

ஒப்பீடு அடுக்கொப்பீடு, மோதலொப்பீடு, சமரசவொப்பீடு என மூவகைப்படும் என்பர். நான்காவதும் உண்டு, அது பின்னர் விளங்கும். அடுக்கொப்பீடாவது ஒருவர் கூற்றின்கீழ் மற்றொருவர் கூற்றை வைத்துப் பக்க எண் இடுவது.

மோதலொப்பீட்டுக்கு அந்தமானைப் போல் வளமான நிலம் அரிது. தீவில் பல்லாண்டு அதிகாரியாக இருந்த ஈ.எச். மேன், பழங்குடியினர் கூறும் புலுகா அனைத்தையும் படைத்த அழிவற்ற இறைவன் என 1880களில் எழுதினார். 1906 முதல் 1908 வரை களப்பணி செய்த ஏ.ஆர். பிரவுனோ, வடக்கே பிலிகு எனப்படும் அவ்வுரு வடகிழக்குப் பருவக்காற்றின் வடிவமே என்றும், சில குழுவினருக்கு அது பெண் என்றும் கூறினார். இதனால் வெகுண்ட ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ லாங்கும், வியன்னாவுக்கு அருகே மடத்தில் இருந்த பாதிரியார் வில்ஹெல்ம் ஷ்மிட்டும் 1910இல் ஆய்விதழ் வழியே முழுமுதற்கடவுளை மீட்கப் புறப்பட்டனர். இருவரும் தீவில் கால் வைத்தவர் அல்லர் ஆதலின், அவர்தம் முடிபுகளில் மழையின் ஈரமோ கொசுக்கடியின் தழும்போ சிறிதும் இல்லை.

இவ்விடத்துச் சில்வண்டு பற்றிய விரிவான ஆய்வு இன்றியமையாததாகிறது. தேன்மெழுகை உருக்கினாலும், சில்வண்டைக் கொன்றாலும், விடியலிலும் அந்தியிலும் அது ஒலிக்கும்போது விறகு வெட்டி ஓசை எழுப்பினாலும் பிலிகு சினந்து புயலை ஏவும் என்ற நம்பிக்கையைப் பிரவுன் பதிவு செய்துள்ளார். அவ்வொலி பாட்டா, இரைச்சலா என்ற வினா எஞ்சுகிறது. பாட்டே என்பர் காட்டோரத்தார்; இரைச்சலே என்பர் விடுதியில் தேர்வுக்குப் படிப்போர்; பாட்டாகத் தொடங்கி இரைச்சலாக முடியும் என்பர் அபர்தீன் பஜார் ஜெராக்ஸ் மரபினர்; அம்மரபினர் எடுத்த பிரதியின் மங்கிய ஓரத்தில் மூத்த மாணவர் ஒருவர் பென்சிலால் 'ஆய்க' என எழுதியதையே சான்றாக்கி, 'பிறரும் இவ்வாறே கருதுவர்' என்பர் அவருக்கு அடுத்த ஆண்டினர். ஒலிப்பது ஆண் வண்டு மட்டுமே ஆதலின், பெண் வண்டின் நோக்கு விடுபட்டமை ஓர் ஆய்வு இடைவெளியாகும். ஆய்வு இடைவெளி என்பது இனி ஒருவர் பட்டம் பெறுவதற்கென விட்டுவைக்கப்பட்ட இடம்.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முந்திய இளம்பூரணரை மறுக்குமிடத்து அவர் கூற்றை எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணமும் கூறுவார். இது மிகுந்த உழைப்பை வேண்டும் பழைய மோதலொப்பீட்டு முறை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தீவுக்குக் கடலடி இணையக் கேபிள் வந்தபின், மேற்கோள் வந்துசேரும் வேகம் அதைப் படிக்கும் வேகத்தைத் தாண்டிவிட்டமையால் அம்முறைக்குத் தேவையும் குறைந்தது.

சமரசவொப்பீடாவது 'இரு சாரார் கருத்தும் ஓரளவு ஏற்புடையதே' எனல். புலுகா ஓரளவு கடவுள், ஓரளவு காற்று என்று இதனால் பெறப்படும், நெறியாளரும் கையொப்பமிடுவார்.

நான்காவது தன்னொப்பீடு, அதாவது ஒருவரை அவரோடே ஒப்பிடுதல். 'தி அந்தமான் ஐலண்டர்ஸ்' நூல் 1922இல் வெளிவந்தபோது ஆசிரியர் ஏ.ஆர். பிரவுன், 1926இல் அவர் தம் பெயரை ராட்கிளிஃப்-பிரவுன் என மாற்றிக்கொண்டமையால், 1933ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிய பெயர் உள்ளது. இரு பதிப்புகளையும் அருகருகே வைத்து, 'பிலிகு பற்றிப் பிரவுனும் ராட்கிளிஃப்-பிரவுனும் வியக்கத்தக்க அளவில் உடன்படுகின்றனர்' என முடிபு கூறும் ஏட்டுக்குப் புறத்தேர்வாளரிடமிருந்து எழக்கூடிய தடை ஒன்றே: அறிஞர் இருவர் போதார், மூன்றாமவர் ஒருவரையும் சேர்க்க.