தாத்தாவின் லென்ஸும் மாரியம்மன் திருவிழாவும்

கேள்வி: தாத்தா வைத்திருந்த 50 மி.மீ. மேனுவல் லென்ஸில் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவைப் படமெடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், தேவாலா

பதில்: தாராளமாக! தீ மிதிப்பவர் உங்கள் ஃபோகஸுக்காக நின்று தரமாட்டார். நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். பகலில் எஃப் 8 வைத்து, தூர வளையத்தை 5 மீட்டரில் நிறுத்துங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஏறக்குறைய மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை தெளிவாக விழும். கரகம் அந்த எல்லைக்குள் வந்ததும் அழுத்துங்கள். பேரகணி ஹெத்தையம்மன் விழாவுக்குப் போனால், படுகர்களின் வெள்ளை உடை ஒளிமானியை ஏமாற்றும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். லென்ஸில் படரும் பூஞ்சைக்கும் தேவாலா மழை பிடிக்கும். விழா முடிந்ததும் லென்ஸைத் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சாமி வந்து ஆடுபவர் முகத்துக்கு நேரே மட்டும் கேமராவை நீட்டாதீர்கள். உங்கள் படத்தைவிட அவர் பக்தி பெரிது.