முகவர் தெரிவாளர்

சேர்வரின் வட்டு நிரம்புகிறதா, நினைவகம் திணறுகிறதா, எந்த வேலை நின்றுபோனது என்பவற்றை உள்ளிருந்தே பார்த்துச் சொல்லும் சிறு மென்பொருள் கண்காணிப்பு முகவர் எனப்படும். அதைத் தெரிவுசெய்வதே தொழிலாகக் கொண்டவர் முகவர் தெரிவாளர். நிறுவுவது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை.

இவ்வினம் கொழும்பில் கூட்டமாகவும் மாங்குளத்தில் தனியாகவும் காணப்படும். ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்திக்குக் கிட்ட, ஏதாவதொரு கந்தோரின் பின்னறை இதன் வாழிடம். அலுமாரிக்கு மேல் ஒரேயொரு சேர்வர், அதன் மேல் பழைய கோப்புக்கட்டு, பக்கத்தில் கீச்சிடும் யூபிஎஸ். கந்தோரில் இவர் பெயர் 'கொம்பியூட்டர் தம்பி', வயது நாற்பத்தைந்து.

கண்காணிப்பு மென்பொருள்களைப் பற்றிய தெரிவாளரின் அறிவு விரிந்தது. நாகியோஸ் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரோடு வந்ததும், சபிக்ஸை லத்வியாவின் அலெக்ஸி விளாடிஷேவ் எழுதியதும், புரொமிதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கியதும் அவருக்கு மனப்பாடம். சபிக்ஸ் முகவரின் வாசல் இலக்கம் 10050, புரொமிதியஸின் முகவரான நோட் எக்ஸ்போர்ட்டருக்கு 9100 என்று தூக்கத்திலும் சொல்வார். எல்லாம் எக்செல் அட்டவணையில் நிறம் பூசி இருக்கும். 'நிறுவிய திகதி' என்ற நிரல் மட்டும் வெள்ளை.

"தம்பி, நேற்று முழுக்க சேர்வர் நிண்டதாமே?"

"அதை அறியத்தான் ஐயா, நல்ல ஏஜென்ட் ஒண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

தெரிவில் உண்மையாகப் பார்க்க வேண்டியவை இரண்டே. முதலாவது, தகவல் போகும் வழி. புரொமிதியஸ் வெளியிலிருந்து வந்து கேட்டு வாங்கும். டெலிகிராஃப் போன்றவை தாமாக அனுப்பும். சபிக்ஸ் முகவர் இரண்டும் செய்யும். 4ஜி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சேர்வரை வெளியார் வந்து கேட்பது பெரும்பாலும் நடவாது. ஆகவே மாங்குளத்துக்கு, தகவலைத் தானே அனுப்பும் முகவர்தான் தோது.

இரண்டாவது, கரண்ட். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னார். அட்டவணையில் குரங்குக்கு நிரல் இருக்கவில்லை. சேர்வர் அணைந்தால் முகவரும் அதோடு அணையும். தன் மரண அறிவித்தலை அதனால் அனுப்ப முடியாது. ஆகவே, இத்தனை நிமிடம் தகவல் வரவில்லையென்றால் மணியடி என்று வெளியூரிலுள்ள இன்னொரு கணினிக்குச் சொல்லிவைக்க வேண்டும். சபிக்ஸில் இதற்கென்றே ஒரு விதி உண்டு.

ஒரு சேர்வருக்குப் போதுமானவை: தானே அனுப்பும் முகவர் ஒன்று, வட்டுக்கும் நினைவகத்துக்கும் எச்சரிக்கை எல்லை, மௌனத்தைக் கவனிக்க வெளியில் ஒரு கணினி, மணியடித்தால் எடுக்கும் ஒருவரின் தொலைபேசி. இவ்வளவும் ஒரு நாள் வேலை. எந்த முகவர் என்பதை அதற்குப் பிறகும் ஆறுதலாக யோசிக்கலாம்.