வலிக்காம அடிக்கற வித்தை

உன்னையத் தூக்கி அந்தக் கமிட்டியில போட்டுட்டாங்களாமா கண்ணு? ரொம்பச் சந்தோசம். பரம வைரி காலேஜோட நடந்த ஆட்டத்துல கைநீட்டுன பசங்களுக்கு என்ன தண்டனை குடுக்கலாம்னு சொல்ல மூணு பேரு, அதுல நீ ஒருத்தன். மத்த ரெண்டு பேரும் உன்ற காலேஜுலயே படிச்சவங்க, டீமு சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் கல்யாணத்துக்கே போவாங்கன்னு சொல்ற. அப்ப உன்னைய எதுக்குச் சேத்தாங்கன்னு புரியலையா? நாளைக்கு ஊரே கூடித் திட்டோணும்னா, திட்டறதுக்கு ஒரு அசலூர்க்காரன் வேணுமில்ல.

கேட்டது கேட்டுட்ட. சொல்றன், எழுதிக்க.

அமெரிக்காவுல உன்ற ஊட்டுல வந்து இருந்த காலத்துல, சனிக்கெழமையானா உன்ற கூடவே டிவி முன்னால உக்காந்தவன்தான் இந்த அப்புச்சி. பேருதான் ஃபுட்பால், காலு பந்துல படறது அத்தி பூத்த மாதிரி. மீதி நேரமெல்லாம் கையும் தோளும் தலைக்கவசமும்தான். இடிக்கறதே ஆட்டம், விசில் ஊதுனதுக்கப்பறம் ஒரு இடி எச்சா இடிச்சா அது குத்தம். அந்தக் கோட்டை 20 வயசுப் பையன் கண்டுபிடிச்சு நிக்கோணுமாம். அதுவும் எதுத்தாப்பல நிக்கறவன், வெறுக்கோணும்னு வருசம் பூராவும் சொல்லிக் குடுத்த ஊர்க்காரன்.

தண்டனைங்கறது ரெண்டு வகை கண்ணு. ஒண்ணு, பையனைத் திருத்தறதுக்கு. இன்னொண்ணு, பேப்பர்காரன் வாயை அடைக்கறதுக்கு. உன்ற காலேஜு எதைக் கேக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்க. ரெண்டாவது வகைதான்னா கவலையே வேண்டாம், அதுல உங்க நாட்டுக்காரங்க பெரிய வித்தைக்காரங்க. பாத்து எழுதறதுக்கு மாதிரி நெறையக் கெடக்குது.

மொத மாதிரி, கொலம்பஸ். 2024 நவம்பர் 30. ஓஹியோ ஸ்டேட் அன்னைக்கு நாட்டுலயே ரெண்டாம் எடத்துல இருந்த டீமு. மிச்சிகனோ அந்த வருசம் தத்தளிச்சுக்கிட்டுக் கெடந்த டீமு. லட்சம் பேருக்கு மேல உக்காந்து பாத்துக்கிட்டிருக்க, மிச்சிகன் 13-10-ன்னு ஜெயிச்சுப்போட்டுது. ஜெயிச்சவங்க பேசாம ஊட்டுக்குப் போனாங்களா? பெரிய நீலக் கொடி ஒண்ணைத் தூக்கிக்கிட்டு, மைதானத்து நடுவுல ஓஹியோக்காரங்க ‘ஓ’ எழுத்து வரஞ்சு வச்சிருக்கற எடத்துல நடப் போனாங்க. அது பிளாஸ்டிக் புல்லு சாமி, அதுல எங்க கம்பு நிக்கும்? நிக்காத கொடிக்கு அடிதடி. ஓஹியோ பையன் ஒருத்தன் கொடித்துணியைக் கம்புலருந்து பிச்செடுத்தான். இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் குத்து. போலீஸு வந்து பெப்பர் ஸ்பிரே அடிச்சுத்தான் பிரிச்சுது. அத்தனை பெரிய பயில்வானுங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னதைப் பாத்தப்ப, எனக்கே பாவமாப் போச்சு.

மறுநாளே தீர்ப்பு. அவங்க கூட்டணிக்குப் பிக் டென்னு பேரு. பேருல பத்து, உள்ள இருக்கறது 18 காலேஜு. கணக்குல அவங்க எப்படின்னு அதுலயே தெரிஞ்சுக்கலாம். ரெண்டு காலேஜுக்கும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் அபராதம்னாங்க. கேட்டதும் நான் பதறிப்போயிட்டேன். அப்பறம் நீதான் சொன்ன, ஓஹியோ ஸ்டேட்டோட விளையாட்டு வருமானம் வருசத்துக்கு 25 கோடி டாலருக்கு மேலன்னு. கணக்குப் போட்டுப் பாத்தேன். தெனத்துக்கு ஆறு சண்டைன்னு வருசம் முச்சூடும் போட்டாலும் அபராதத்தைக் கட்டிப்போட்டு மிச்சம் வச்சிருப்பாங்க. குத்து உட்ட பையன் சேப்புலருந்து காலணா போகலை. ஓஹியோ சட்டசபைக்காரர் ஒருத்தரு அதுக்கும் ஒரு படி மேல போயி, அந்த மைதானத்துல கொடி நட்டாப் பெருங்குத்தம்னு மசோதாவே கொண்டுவந்தாரு. மசோதா எதுத்தாப்பல டீமோட கொடிக்கு. தன்ற பசங்க போட்ட குத்துக்கு மசோதா இல்லை, பாத்துக்க.

இப்படி ஒரு அபராதம் எழுதிக் குடுத்தீன்னா, ஒருத்தருக்கும் வலிக்காது. பேப்பர்ல பெருசா வரும்.

பணம் வேண்டாம், ஆட்டத் தடைதான் போடோணும்னு யாராச்சும் அடம் பிடிச்சா, அதுக்கும் வழி இருக்குது. நாள் பாத்துப் போடோணும். 2006 அக்டோபர்ல மயாமியும், அதே ஊர்ல இருக்கற ஃபுளோரிடா இன்டர்நேஷனலும் மொதமொதலா மோதிக்கிட்டாங்க. பந்தை உட்டுப்போட்டு ரெண்டு பக்கமும் எறங்கிருச்சு. ஒருத்தன் தலைக்கவசத்தைக் கழட்டி அதையே ஆயுதமா வீசுனான். ரெண்டு பக்கமும் சேத்து 31 பேரைத் தள்ளி வச்சாங்க, மயாமிப் பசங்க முக்காவாசிப் பேத்துக்கு ஒரே ஒரு ஆட்டம். மயாமிக்கு அந்த ஒரு ஆட்டம் யாரோடங்கற? டியூக்கோட. அந்த வருசம் ஆடுன 12 ஆட்டத்துலயும் தோத்த டியூக்கு! வேணும்னே பாத்துப் பண்ணுனாங்கன்னு நான் சொல்லலை, நாளு அப்படி அமைஞ்சுபோச்சு. நீ பண்றதா இருந்தா அமைச்சுக்க.

இதை உட நயமான வேலையும் உண்டு. மிச்சிகனை ஜெயிச்சா ஓஹியோ பசங்களுக்குச் சின்னதா ஒரு தங்கக் கால்சட்டைப் பதக்கம் குடுப்பாங்க, 1934-லருந்து வழக்கம். அஞ்சு பேரு அந்தப் பதக்கம், மோதிரம்னு கையில கெடந்ததையெல்லாம் பச்சை குத்தற கடைக்காரங்கிட்டக் காசுக்கும் பச்சைக்கும் குடுத்தது 2010 கடைசியில வெளிய வந்துது. அது சண்டைக் குத்தம் இல்லை, வேற குத்தம். ஆனா தண்டனை போட்ட அழகை மட்டும் பாரு. அஞ்சு ஆட்டம் தடை, எப்ப இருந்து? அடுத்த வருசத்துலருந்து. எடையில பன்னண்டு நாள்ல சுகர் பவுலுன்னு ஒரு பெரிய ஆட்டம் இருந்துது. அதுல அஞ்சு பேரும் ஆடலாம்னு உட்டாங்க. ஆடுனாங்க, 31-26-ன்னு ஜெயிச்சாங்க. பொறவு விசயம் முத்திப்போயி, கோச்சு ராஜினாமாப் பண்ணி, அந்த வெற்றியையே பதிவுலருந்து அழிச்சாங்க. அழிச்சதெல்லாம் ஏட்டுலதான். டிக்கெட்டுக் காசை யாரும் திருப்பிக் குடுத்ததாக் கேள்விப்படலை.

மூணாவது வழி, எல்லாத்தையும் ஒட்டுக்காத் தண்டிக்கறது. 2004 நவம்பர்ல கிளெம்சனும் சவுத் கரோலைனாவும் அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு காலேஜும் அந்த வருசம் சீசன் கடைசியில நடக்கற பவுல் ஆட்டத்துக்கே போகலைன்னு ஒதுங்கிருச்சு. இதைக் கேட்டு நான் கையெடுத்துக் கும்பிட்டேன் கண்ணு, அது வலிச்ச தண்டனை. ஆனா யாருக்கு வலிச்சுது? கடைசி வருசம் படிச்சுக்கிட்டு, ஒருத்தனையும் தொடாம ஓரமா நின்னானே, அவனுக்கும் அதே தண்டனை. 2018-ல மிசிசிப்பியில ஒரு ஆட்டத்துல நடுவருங்க இன்னும் சுளுவாப் பண்ணீட்டாங்க. அடிச்சது யாரு, அடி வாங்குனது யாருன்னு பிரிக்க முடியாமப் போச்சு. ரெண்டு டீமுலயும் இருந்த அத்தனை பேரு தலையிலயும் ஆளுக்கொரு குத்தத்தை எழுதிப்போட்டாங்க. பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தவனும் அன்னைக்கு ரவுடிதான்.

இந்த மூணுல எதை வேணும்னாலும் எடுத்துக்க. ஆனா ஒண்ணு, கமிட்டி அறிக்கையில “பசங்க ஏன் இப்படிப் பண்ணுனாங்கன்னு தெரியலை”ன்னு மட்டும் எழுதிப்போடாத. சிரிச்சுருவாங்க. கொலம்பஸுல அந்த வாரம் வந்தாக் காலேஜு முழுக்கப் போர்டுல இருக்கற ‘எம்’ எழுத்து மேலயெல்லாம் செவப்புல பெருக்கல் குறி போடறாங்க, மிச்சிகனோட மொத எழுத்தாங்காட்டி. ஆஸ்பத்திரிப் போர்டுன்னாலும் நூலகப் போர்டுன்னாலும் எம்முக்கு ஆயுசு கெடையாது. பசங்க பயிற்சி எடுக்கற எடத்துல, அடுத்த மிச்சிகன் ஆட்டத்துக்கு எத்தனை நாள் எத்தனை மணின்னு எண்ணிக்கிட்டே ஒரு கடிகாரம் ஓடுது. அந்தக் கட்டடத்துக்கு யாரு பேரு? வுடி ஹேய்ஸ் பேரு. 205 ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்த கோச்சு. 1971-ல மிச்சிகன் மைதானத்துல கோவம் வந்து ஓரத்துல வச்சிருந்த அடையாளக் கம்பைப் புடுங்கி வீசுன மனுசன். 1978 கடைசியில கேட்டர் பவுலுல, எதுத்தாப்பல ஆடுன கிளெம்சன் பையனைக் குத்திப்போட்டாரு. மறுநாளே வேலை போச்சு. அடிச்சதுக்கு வேலை போச்சு, ஜெயிச்சதுக்குக் கட்டடமும் தெருவும் வந்துச்சு. பையன் தெனமும் அந்தத் தெருவுலதான் நடந்து போறான். ரெண்டுல எதைப் படிச்சுக்குவான்? சேவக்கட்டுல காலுல கத்தியைக் கட்டி உடறவன், சேவல் வெட்டீருச்சேன்னு சேவல் மேலயே பிராது குடுத்த கதைதான்.

அப்ப நெசமாலுமே வலிக்கற தண்டனை எதுன்னு கேக்கறயா? அது கமிட்டி ரூமுல இல்லை, மைதானத்துல இருக்குது. பேரு 15 கஜம்.

மிசிசிப்பியில ஓலே மிஸ்ஸும் மிசிசிப்பி ஸ்டேட்டும் வருசா வருசம் மோதற ஆட்டத்துக்கு எக் பவுலுன்னு பேரு. 1926-ல ஓலே மிஸ் 7-6-ன்னு ஜெயிச்சதும், அவங்க ஆளுங்க எதுத்த ஊரு கோல்கம்பத்தைச் சாய்க்க ஓடுனாங்க. உள்ளூர்க்காரங்க நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அடிச்சாங்க. இனிமேல் ஆட்டம் முடிஞ்சா மரியாதையாக் கைமாத்திக்கட்டும்னு 1927-ல தங்க நெறத்துல ஒரு கோப்பை பண்ணி வச்சாங்க. பாக்கறதுக்கு முட்டை மாதிரி இருந்துது, முட்டைன்னே பேராயிருச்சு. முட்டை வந்தும் சண்டை போகலை, முட்டைக்கும் சேத்துச் சண்டை.

2019 நவம்பர் 28. மிசிசிப்பி ஸ்டேட் 21-14-ன்னு முன்னால நிக்குது. கடிகாரத்துல 4 செகண்டுதான் மிச்சம். ஓலே மிஸ் பையன் எலைஜா மூர் பந்தைப் புடிச்சு டச்டவுன் போட்டுப்போட்டான், 21-20. இன்னும் ஒரு உதை, சமன். அந்தச் சந்தோசத்துல பையன் என்ன பண்ணுனான்? நாலு காலுல தவழ்ந்து போயி, நாயி கம்பத்துக்குக் காலைத் தூக்கற மாதிரி ஒரு காலைத் தூக்கிக் காட்டுனான். எதுத்த டீமு செல்லமே புல்டாக் நாயி, அதை எகத்தாளம் பண்றானாம். நடுவரு கத்தலை, கமிட்டி போடலை. சேப்புலருந்து மஞ்சத் துணியை எடுத்து வீசுனாரு. 20 கஜத்துலருந்து உதைக்க வேண்டிய பந்து 35 கஜத்துக்குப் போச்சு. உதைச்சவன் பாவம், அவன் ஒரு தப்பும் பண்ணலை. பந்து கம்பத்துக்கு வெளிய போயிருச்சு. ஆட்டம் போச்சு. மூணே நாள்ல ஓலே மிஸ் கோச்சுக்கு வேலை போச்சு. ஜெயிச்ச டீமு கோச்சையும் ஜனவரியில அனுப்பிப்போட்டாங்க, அதுக்குக் காரணம் வேற. ஆனா காலைத் தூக்கறதுக்கு முன்னால ஒருக்கா ரோசிக்கோணும்ங்கற பாடத்தை, 1 லட்சம் டாலரு சொல்லிக் குடுக்காததை, அந்த 15 கஜம் சொல்லிக் குடுத்துருச்சு. கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாலயே நையாண்டி பண்ணுனா டச்டவுனே செல்லாதுன்னு 2011-லயே சட்டம் வச்சிருக்காங்க. ஒரே ஆட்டத்துல இப்படி ரெண்டு குத்தம் பண்ணுனா வெளிய போ. ரெண்டாம் பாதியில கைநீட்டுனா, அடுத்த ஆட்டத்துல மொதப் பாதியும் வெளிய உக்காரு. அதெல்லாம் உடனே உறைக்கற சட்டம்.

இதுக்கும் மேல சுளுவா ஒண்ணு இருக்குது, செலவே இல்லை. கொலம்பஸுல அடிதடி நடந்த அதே நாள்ல, டெக்சஸ் டீமு டெக்சஸ் ஏ அண்ட் எம் மைதானத்துல 17-7-ன்னு ஜெயிச்சுது. அந்தப் பசங்களும் கொடியைத் தூக்கிக்கிட்டு நடுவுல போனாங்க. அவங்க கோச்சு சார்கீசியன் ஓடிப் போயித் தடுத்துப்போட்டாரு. முடிஞ்சுது. கமிட்டி இல்லை, அபராதம் இல்லை. ராணுவமும் கடற்படையும் ஆடற ஆட்டத்தைப் பாரு, அதை உடவா வைரம்? ஆட்டம் முடிஞ்சா ரெண்டு டீமும் ஒண்ணா நின்னு, தோத்தவங்க காலேஜுப் பாட்டை மொதல்ல பாடி, பொறவு ஜெயிச்சவங்க பாட்டைப் பாடறாங்க. பெரியவங்க நிக்கச் சொன்னா, பசங்க நிக்கறாங்க.

அதனால உன்ற அறிக்கையில ரெண்டே வரி எழுது. ஒண்ணு: கைநீட்டுனவன் அடுத்த வருசம் இதே வைரி டீமோட நடக்கற ஆட்டத்துல மொதப் பாதி முழுக்க வெளிய உக்காரோணும், டியூக்கு மாதிரி நோஞ்சான் டீமோட ஆடற வாரத்துல கழிச்சுக்கறது செல்லாது. ரெண்டு: வெளிய அனுப்பற பையன் ஒவ்வொருத்தனுக்கும் கோச்சு சம்பளத்துல ஒரு வாரம் புடிக்கோணும். உங்க நாட்டுல வருசத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல வாங்கற கோச்சுங்க இருக்காங்களாமே. ஒரு வாரச் சம்பளமே கொலம்பஸ் அபராதத்தைப் போல ரெண்டு மடங்கு கிட்ட வருது. அப்பறம் பாரு, அடுத்த தடவை கொடியை எடுக்கறதுக்கு முன்னாலயே கோச்சு ஓடற ஓட்டத்தை.

எழுதி முடிச்சதும் அவசரப்பட்டு நீ மொதல்ல கையெழுத்துப் போட்றாத கண்ணு. மத்த ரெண்டு பேத்தையும் போட உடு. அவங்க போட்டுட்டாங்கன்னா, பசங்க திருந்துவாங்க. போடலைன்னா, நீயாச்சும் திருந்துவ.