படகு வண்டி சம்சாரியான கதை

விக்கிரமசிங்கபுரத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் என்று ஒருவன் சொன்னால், அவனைப் பொய்யன் என்று வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு மரியாதை குறைந்தவர்கள் அல்ல எங்கள் ஊர்க்காரர்கள். வெயில் தலைக்கேறிவிட்டது போலும் என்று அனுதாபத்தோடு விலகிப் போய்விடுவார்கள். பொதிகையிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணி சமவெளியைத் தொடுகிற இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது; மேலே காரையாற்றில் 143 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் பாபநாசம் அணை, அதற்குத் துணையாக 156 அடிச் சேர்வலாறு அணை, கீழே கார், பிசானம் என்று இரண்டு போகமும் விளையும் வயல்கள். இத்தகைய புண்ணிய க்ஷேத்திரத்தில் தண்ணீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தென்னை மரத்துக்கு ஊற்றிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் என் அத்தானைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது.

குற்றம் அத்தானுடையது அல்ல, பூமியினுடையது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் முதலாவதான கோடைமேலழகியான் எங்களுக்கு அண்மையில்தான் இருக்கிறது என்றாலும், அத்தானின் தென்னந்தோப்பு எந்தக் கால்வாயும் எட்டிப் பார்க்க முடியாத மேட்டில் இருக்கிறது. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவன், அகத்தியர் வாக்கின்படி ஒரு பசுவின் பின்னாலேயே நடந்து, அது போன வழியெல்லாம் கால்வாயும் படுத்த இடமெல்லாம் குளமும் வெட்டினான் என்று கன்னடியன் கால்வாய்க்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஐதிகம் சொல்வார்கள். பள்ளம் எது, மேடு எது என்பதில் என்ஜினீயர்களை விஞ்சிய ஞானம் படைத்த அந்தப் பசு, ஆற்றின் தென்கரையோடு திருப்தியடைந்துவிட்டது. இக்கரைக்கு வந்திருந்தாலும் அத்தானின் மேட்டை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேறு திசையில் மேயப் போயிருக்கும் என்பதே என் அபிப்பிராயம். மேட்டின் அடிவாரத்தில் ஒரு கிணறு உண்டு. அதில் தண்ணீரும் உண்டு. தோப்பு மாத்திரம் மேலே இருக்கிறது.

அத்தான் ஆலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் எங்கள் பக்கத்தில் பஞ்சாலை வைத்தபோது, மலையிலிருந்து விழும் தண்ணீரைக் கொண்டே சக்கரங்களைச் சுழற்றினார்கள். 1944-இல் அதே தண்ணீர் பாபநாசம் மின் நிலையத்தையும் ஓட்ட ஆரம்பித்தது. தண்ணீர் சக்கரத்தை நகர்த்துவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊரில் பிறந்த ஒருவருக்கு, சக்கரத்தைக் கொண்டு தண்ணீரை நகர்த்தினால் என்ன என்ற எண்ணம் உதித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியம், அதற்கென்று அவர் தேர்ந்தெடுத்த வண்டியில்தான் இருந்தது.

கடலோரத்து ஊர் ஒன்றில், உல்லாசப் படகு விட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட யாரோ ஒருவர் தம் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, படகை ஒருவரும் என்ஜினை இன்னொருவரும் எடுத்துக்கொள்ள, கேட்பாரற்று நின்ற படகு வண்டியை அத்தான் எடுத்துவிட்டார். வண்டிக்குரிய ஆவணம் ஒன்றும் இல்லையாதலால், அது ஒரு லாரியின் முதுகில் ஏறி ஊர் வந்து சேர்ந்தது. சாலையில் போகும் வண்டியைப் பதிவு விவரத்துக்கு மாறாகத் தம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே கிணற்றுக்கும் தோப்புக்கும் இடையே உள்ள சொந்த மண்ணைத் தாண்டி இந்த வண்டி ஓடாது என்று அத்தான் முதல் நாளே பிரதிக்ஞை செய்துவிட்டார்.

படகு வண்டியைப் பார்த்திராத வாசகர்களுக்காக அதன் திருமேனியைச் சற்று வருணிக்க வேண்டும். அதற்குப் பலகையும் இல்லை, பக்கத் தட்டியும் இல்லை. நீண்ட இரும்புச் சட்டம். படகின் அடிவயிற்றுக்கு இசைவாக இருபுறமும் சாய்த்து வைத்து, கீறல் விழாமல் இருக்கக் கம்பளம் போர்த்திய இரண்டு மரக்கட்டைகள். நடுவில் வரிசையாக ரப்பர் உருளைகள். முன்னால் ஒரு கம்பத்தில், படகைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றுவதற்கான கைவின்ச். படகின் பாரமெல்லாம் பின்புறம் என்ஜினில் இருப்பதால் இருசையும் சக்கரங்களையும் வெகுவாகப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருப்பார்கள். மொத்தத்தில், படகு ஏறி உட்கார்ந்தாலன்றி அர்த்தம் விளங்காத ஒரு வஸ்து.

அக்காள் வாசலுக்கு வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“எலும்புக்கூட்டத் தூக்கிட்டு வந்து அதுக்குக் கம்பளி வேற போத்திருக்கிய. இதுல எத ஏத்தப் போறிய?”

“ஓடமும் ஒருநாள் வண்டியில ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்துல ஏறும்னு பெரியவங்க சொல்லிருக்காங்கல்லா?” என்றார் அத்தான்.

“சொல்லிருக்காங்க. வண்டி வண்டியில ஏறும்னு எந்தப் பெரியவரு சொன்னாரு?”

பழமொழியின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை நான் சொல்லியாக வேண்டும். 2018 வெள்ளத்தின்போது கேரளத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் ஜனங்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி எங்கள் ஆற்றின் கீழ்ப்புறமெல்லாம் கடலானபோது, இங்கும் படகுகள் லாரியேறி வந்தன. நெல்லும் மணலும் சுமந்த லாரிகள் எவ்வித மாறுதலும் இன்றிப் படகைச் சுமந்துவிட்டன. படகுக்கென்றே பிறந்த வண்டியை வேறொன்றைச் சுமக்கவைப்பதற்குத்தான் ஒரு பகீரதப் பிரயத்தனம் தேவைப்பட்டது.

“ஒரு மோட்டாரும் பைப்பும் போட்டா தண்ணி தானா மேல ஏறிருமே” என்று அக்காள் அன்றைக்கே சொன்னாள். அக்கம்பக்கத்தாரும், தபால்காரரும், தேங்காய் வெட்ட வந்தவரும்கூட அதையே சொன்னார்கள். அத்தான் அதைக் கற்பனாசக்தி குன்றியவர்களின் கேள்வியாகக் கருதி, புன்சிரிப்போடு கடந்து சென்றார்.

பழைய இரும்புக்கடையிலிருந்து உருளை வடிவமான தொட்டி ஒன்று வந்தது. அதைப் படுக்கவைத்தபோது, படகின் வயிற்றுக்காகச் சாய்ந்திருந்த கட்டைகள் இரண்டும் தொட்டியின் வயிற்றை அப்படியே ஏந்திக்கொண்டன. அத்தான் ஆனந்தத்தில் திளைத்தார். ஆயினும் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்ததே. ஆயிரம் லிட்டர் ஏற்றியாக வேண்டும் என்பது அத்தானின் லட்சியம். வண்டியின் தகட்டில் பொறித்திருந்ததோ 600 கிலோ. தொட்டியின் சொந்தக் கனத்தைக் கழித்துப் பார்த்தால் ஐந்நூறு லிட்டருக்கு மேல் ஒரு சொம்புக்குக்கூட இடமில்லை. கோடையில் வளர்ந்த தென்னை ஒன்று நாளொன்றுக்கு ஐம்பது அறுபது லிட்டர் குடிக்குமாதலால், ஒரு நடைத் தண்ணீர் பத்து மரத்துக்கு எட்டுவதே துர்லபம். இந்தக் கணக்கை நான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அத்தான் அந்தக் காகிதத்தில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

வண்டியைத் தம் பழைய ஜீப்பின் பின்னால் பூட்டும் வேலை ஒரு தனிப் பர்வம். படகு வண்டியின் மூக்கில் இருந்தது உருண்டையைக் கவ்வும் கிண்ணம். ஜீப்பின் வாலில் இருந்தது கொக்கி. இரண்டையும் சம்பந்தி ஆக்குவதற்குள் சிவந்திபுரத்து வெல்டிங் பட்டறைக்காரர் எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார்.

கிணற்றடியில் தொட்டியை நிரப்பியதும், ஜீப்பின் பின்புறம் மண்ணை முகர்வதுபோல் அமிழ்ந்து, முன்சக்கரங்கள் பாரமற்று நின்றன. அந்தக் காலத்தில் பாபநாசத்துக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே பார வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியிலிருந்து இதை அவதானித்துக்கொண்டிருந்தார்.

“முன்பாரம் தம்பி. மாடா இருந்தா கழுத்து ஒடிஞ்சிருக்கும். இருசத் தூக்கி முன்னால வையி. ரொம்பவும் வச்சிராத, பொறவு பின்பாரமாயி மாடு அந்தரத்துல தொங்கும்.”

மேல்நாட்டுக் கைப்புத்தகங்கள், மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வண்டியின் மூக்கில் அமுங்க வேண்டும், குறைந்தால் வால் ஆடும், கூடினால் இழுக்கும் வண்டி அமிழும் என்று அட்டவணை போட்டுச் சொல்லும் சாஸ்திரத்தை, பெரியவர் இரண்டே சொற்களில் முடித்துவிட்டார். நல்லவேளையாக, இருசைச் சட்டத்தோடு இணைத்திருந்தவை யு போல்ட்டுகள். தளர்த்தினால் நகரும், இறுக்கினால் நிற்கும். படகுக்குப் படகு பாரம் வேறுபடும் என்று கருதி அதைச் செய்த புண்ணியவான், தண்ணீர்த் தொட்டிக்கும் வழி விட்டு வைத்திருக்கிறான்.

இதற்குப் பிறகு வந்த சோதனையைப் பெரியவரும் அறியமாட்டார். ஏனெனில் அவர் சுமந்த நெல்மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்காது. நிறைந்த தொட்டி சாதுவாக மேடேறிற்று. பாதி மரங்களுக்கு ஊற்றி, பாதித் தொட்டியோடு அடுத்த ஏற்றத்தில் திரும்பியபோது, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் ஏகமனதாகப் பின்னால் ஓடிற்று. அதுவரை முன்பாரமாக இருந்த வண்டி பின்பாரமாயிற்று. ஜீப்பின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து மண்ணைக் கிளறின. அத்தான் பிரேக்கை மிதித்தார். தண்ணீர் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு முன்னால் பாய்ந்து ஜீப்பை ஓர் இடி இடித்தது. கடலில் போகும் கப்பல்காரர்கள் பாதி நிரம்பிய தொட்டிக்கு அஞ்சுவார்கள். அலம்பும் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் கப்பலையும் கூடவே சாய்த்துவிடும் என்பதால், தொட்டியை நிறைத்து வைப்பார்கள், அல்லது காலியாக வைப்பார்கள். கடலை விட்டு எங்கள் மேட்டுக்கு வந்த பின்னும் கப்பலின் வியாதி இந்த வண்டியை விடவில்லை.

பரிகாரம் அத்தானுக்குத் தெரிந்திருந்தது. டேங்கர் லாரிகளின் உள்ளே துவாரமிட்ட தடுப்புத் தகடுகள் இருக்கும். தண்ணீர் மெள்ளக் கசிந்து நகருமே தவிர, கும்பலாக ஓடாது. அம்மாதிரித் தகடுகளைப் பற்றவைப்பதற்காகத் தொட்டி மறுபடி சிவந்திபுரம் சென்றது. தகடுகளின் கனம் கூடியதால் தண்ணீரின் அளவு குறைந்தது என்பதையும், தடுப்பு வைத்த தொட்டி அலம்பாமல் மேடேறியது உண்மையே என்பதையும் பாரபட்சமின்றி இங்கே பதிவு செய்கிறேன். அத்தான் அன்று மாலை பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரத்தில்தான் அக்காளுக்கு ஏலச்சீட்டு விழுந்தது. யாரிடமும் ஆலோசனை கேளாமல் அவள் ஒரு மோட்டாருக்கும் குழாய்களுக்கும் பணம் கட்டிவிட்டாள். குழாய்கள் ஒவ்வொன்றும் 20 அடி நீளம். கொண்டுவந்த லாரி தோப்புப் பாதையில் திரும்ப முடியாமல் சாலையோரத்திலேயே அவற்றை இறக்கிப் போட்டுவிட்டுப் போயிற்று. தலைச்சுமையாகக் கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. அத்தான் ஒன்றும் பேசாமல் தொட்டியின் பட்டைகளைக் கழற்றி அதைக் கீழே உருட்டிவிட்டார். நாங்கள் குழாய்களைத் தூக்கி வைத்தபோது, அவை சாய்ந்த கட்டைகளுக்கு நடுவே தாமாகவே ஒன்றோடொன்று ஒடுங்கிப் படுத்துக்கொண்டன. நீண்ட சட்டம் அவற்றின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. வின்ச்சின் கயிற்றைச் சுற்றி இரண்டு திருப்புத் திருப்பியதும் அசைவற்று இறுகின. இருசைக்கூடத் தொடவேண்டியிருக்கவில்லை.

அத்தான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

“மாப்ளே, பாத்தியா? பைப்புக்குன்னே செஞ்ச வண்டி மாதிரில்லா இருக்கு! ஒரு வெல்டிங் உண்டா?”

“ஏறி உக்காந்து ஜீப்ப எடுங்க” என்றாள் அக்காள். “மோட்டார் மாட்ட ஆளு வந்து நிக்கி.”